எண் சரி... அலகு எங்கே? கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு வேதியியல் உலா!

தாதியர் பயிற்சி, மருந்தாளர் படிப்பு, ஆய்வக நுட்பம்... சுகாதார அறிவியலில் எதை எடுத்தாலும் முதல் செமஸ்டரில் ஒரு பாடம் காத்திருக்கும்: அடிப்படை வேதியியலும் அளவீடும். கிராம், மோல், பி.எச்., சதவீதம் என்று போகும் அந்தப் பாடத்தைக் கேட்டாலே பலருக்குக் கொட்டாவி. ஆனால் அதன் பக்கங்கள் எல்லாம் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தெருத்தெருவாகச் சிதறிக் கிடக்கின்றன! நகைக்கடையில் ஒன்று, பத்துமலைப் பாறையில் ஒன்று, தோட்டப்புறத்துப் பால் வாளியில் ஒன்று, ஏன், நம் வீட்டுப் புழுங்கல் அரிசிப் பானையில்கூட ஒன்று. வாங்க, ஒரு சுற்று போய்விட்டு வருவோம்!

1. சென்னையில் 180... கோலாலம்பூரில் 10... இரண்டும் ஒரே சர்க்கரை! தெரியுமா?

சென்னையிலிருந்து வந்த மாமா "எனக்குச் சுகர் 180" என்கிறார். பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் அதே ரத்தத்தைச் சோதித்தால் கருவி 10 என்று காட்டுகிறது. கருவி கெட்டுப்போகவில்லை. மாமா ஒரே நாளில் குணமாகிவிடவும் இல்லை!

இந்தியாவில் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்று எடையைச் சொல்கிறார்கள். மலேசியாவில் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்று மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்கிறார்கள். ஒரு மோல் குளுக்கோஸின் எடை ஏறத்தாழ 180 கிராம். லிட்டருக்கு மாற்ற 10 ஆல் பெருக்கி, 180 ஆல் வகுத்தால் மிச்சம் என்ன? 18 ஆல் வகுத்தால் போதும்! வெறும் வயிற்றில் நீரிழிவைக் காட்டும் எல்லைக்கோடு அங்கே 126, இங்கே 7.0. 126-ஐ 18 ஆல் வகுத்துப் பாருங்கள்!

கொலஸ்ட்ராலுக்கு இந்த 18 செல்லாது. அதன் மூலக்கூறு கனமானது, அதனால் 38.7 ஆல் வகுக்க வேண்டும். அங்கே 200 என்றால் இங்கே 5.2. சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் என்றால் இன்னும் வேடிக்கை: அங்கே 1 மில்லிகிராம், இங்கே 88 மைக்ரோமோல்! ஊர் மாறும்போது அலகைக் கேட்காமல் எண்ணை மட்டும் கேட்டால், ஆரோக்கியமானவர் நோயாளி ஆவார், நோயாளி ஆரோக்கியமானவர் ஆவார்.

இது சின்ன விஷயமும் இல்லை. மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நாட்டின் மூன்று பெரிய இனங்களில் இனிப்பு நீர் அதிகம் உள்ளவர்கள் நம் இந்தியர்கள்தான்.

2. ஒரு மோல் அரிசியை எத்தனை ஆண்டு விளைவிக்க வேண்டும், தெரியுமா?

மோல், மோல் என்கிறோமே, அது எவ்வளவு? 6.02214076 × 10²³. ஒரு டசன் என்றால் 12 என்பதைப் போல, மோல் என்றால் இந்த எண், அவ்வளவுதான். 18 மில்லிலிட்டர் தண்ணீரை ஒரு மடக்கில் குடித்தால் ஒரு மோல் மூலக்கூறுகள் தொண்டையில் இறங்கிவிடும்.

சரி, மூலக்கூறுக்குப் பதில் அரிசி மணிகளை எண்ணுவோம். ஒரு மணி 20 மில்லிகிராம் என்று வையுங்கள். உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி ஏறத்தாழ 50 கோடி டன். ஒரு மோல் அரிசி சேர இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேல் அறுவடை செய்துகொண்டே இருக்க வேண்டும்! நாம் ஒரு மடக்கில் விழுங்கிய எண்ணிக்கை அது.

3. நகைக்கடையின் 916-க்கும் ட்ரிப் பாட்டிலின் 0.9-க்கும் என்ன உறவு, தெரியுமா?

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ எந்த நகைக்கடைக்குள் நுழைந்தாலும் கேட்கும் எண் 916. ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம். 22-ஐ 24 ஆல் வகுத்தால் வருவது அதுதான். பத்து கிராம் சங்கிலியில் 9.16 கிராம் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். இது எடைக்கு எடை சதவீதம்.

ஆஸ்பத்திரியில் தொங்கும் சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம். இது எடைக்குக் கன அளவு. 100 மில்லிலிட்டரில் 0.9 கிராம் உப்பு, லிட்டருக்கு 9 கிராம். மோல் கணக்கில் 154 மில்லிமோல். சரி, ஏன் 0.9? ரத்தச் சிவப்பணு அதில் வீங்கவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. வெறும் தண்ணீரில் போட்டால் நீரை உறிஞ்சி வெடிக்கும். கடல்நீரில் போட்டால் வற்றிச் சுருங்கும், ஏனென்றால் கடலின் உப்பு சுமார் 3.5 சதவீதம், ஏறக்குறைய நான்கு மடங்கு!

இரண்டுக்கும் பெயர் சதவீதம்தான். ஆனால் எதற்கு எது என்று கேட்காவிட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

4. தங்கம் நிறுத்த விதைக்குள் கொடிய நஞ்சு... தெரியுமா?

சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி! பொற்கொல்லர்கள் தங்கம் நிறுக்க வைத்திருந்த எடைக்கல். சித்த மருத்துவத்தில் இன்றும் ஒரு குன்றி எடை என்பது 130 மில்லிகிராம். 'வராகன் எடை' 4.2 கிராம், 'பலம்' 35 கிராம். அந்தச் சின்ன மணிக்குள் இருப்பது ஆப்ரின், தாவரங்கள் உண்டாக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. தோல் உடையாதவரை எடைக்கல். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து!

மலாயாவுக்கு வந்தால் வேறு கணக்கு. 16 தாயில் ஒரு காத்தி, 100 காத்தி ஒரு பிக்குல். தாயில் 37.8 கிராம், காத்தி ஏறத்தாழ 605 கிராம், பிக்குல் 60.5 கிலோ. ஈயம் முதல் அரிசி வரை எல்லாம் இதில்தான் நிறுக்கப்பட்டன. 1972-ல் எடை அளவுச் சட்டம் வந்து நாடு மெட்ரிக் முறைக்கு நகர்ந்தது. ஆனாலும் சந்தையில் வயதானவர்கள் இன்னும் "ஒரு காத்தி" என்றே கேட்பார்கள். அதைக் கிலோ என்று நினைத்துக் காசு கொடுத்தால் 400 கிராம் போச்சு!

5. கிலோகிராமே மாறிவிட்டது, தெரியுமா?

1889 முதல் உலகத்தின் எல்லாத் தராசுகளுக்கும் தாய், பாரிஸ் அருகே பூட்டி வைத்திருந்த ஓர் உருளை. 90 சதவீதம் பிளாட்டினம், 10 சதவீதம் இரிடியம். அதன் எடை எதுவோ அதுதான் கிலோ! 2019 மே 20 அன்று அந்த உருளைக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது கிலோகிராம் நிற்பது பிளாங்க் மாறிலி என்ற இயற்கையின் ஓர் எண்ணின்மேல். மோலுக்கும் நிரந்தரமான எண் கிடைத்தது அதே நாளில்தான். உங்கள் குளியலறைத் தராசு எதையும் உணர்ந்திருக்காது. பாடப்புத்தகம் மட்டும் மாறிவிட்டது!

6. ஆலத்தித் தட்டு ஓர் ஆய்வகம், தெரியுமா?

மஞ்சள் கரைத்த நீரில் ஒரு துளி சுண்ணாம்பு. குப்பென்று சிவக்கிறது! கல்யாண வீட்டில் ஒவ்வொரு முறையும் நடக்கும் இது, அமில-காரச் சோதனை. மஞ்சளிலுள்ள குர்குமின் அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாக இருக்கும், காரத்தில் சிவக்கும். நம்பிக்கை இல்லையா? அந்தச் செந்நீரில் எலுமிச்சை பிழியுங்கள், மறுபடியும் மஞ்சள்!

சங்குப்பூவும் இதே வித்தைக்காரிதான். கிளந்தானின் நீலச் சோறு நாசி கெராபு இன்று கோலாலம்பூர் எங்கும் கிடைக்கிறது. அந்த நீலத்தில் எலுமிச்சை பட்டால் ஊதா, சோடா உப்பு பட்டால் பச்சை.

இந்த அமில-கார அளவுக்கு 1909-ல் பி.எச். என்ற எண்கோலைக் கொடுத்தவர் சோரன்சன். எங்கே இருந்துகொண்டு? கோப்பன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில்! இந்தக் கோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 7.4 என்பது 7.1 ஆனால் "0.3 தானே" என்று தோன்றும். ஆனால் ஹைட்ரஜன் அயனி லிட்டருக்கு 40 நானோமோலிலிருந்து 80-க்குப் போய்விட்டது. இரட்டிப்பு! தீவிர சிகிச்சைப் பிரிவில் மணி அடிக்கும் எண் அது.

7. பத்துமலையும் வயிற்றெரிச்சல் மாத்திரையும் ஒரே சரக்கு, தெரியுமா?

42.7 மீட்டர் முருகனைக் கடந்து, 272 படி ஏறி குகைக்குள் நிற்கிறீர்கள். சுற்றிலும் இருப்பது கால்சியம் கார்பனேட், சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான சுண்ணாம்புப்பாறை. மருந்துக்கடையில் வாங்கி மெல்லும் பல அமில நீக்கி மாத்திரைகளிலும் அதே கால்சியம் கார்பனேட்!

வயிற்றின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதன்மேல் பட்டதும் கால்சியம் குளோரைடு, தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு என்று பிரிகிறது. மாத்திரை போட்டதும் வரும் ஏப்பம் அந்தக் கார்பன் டை ஆக்சைடுதான். அதே வாயு கரைந்த மழைநீர் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குகையைக் குடைந்தது. சொட்டிய இடத்தில் சுண்ணாம்பைத் திரும்ப வைத்துத் தொங்குபாறைகளையும் கட்டியது. வயிற்றில் சில நிமிடம், மலையில் பல லட்சம் ஆண்டு!

8. பிரிக்ஃபீல்ட்ஸ் செங்கல்லும் உங்கள் ரத்தமும் ஏன் சிவப்பு, தெரியுமா?

1881-ல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துச் சாய்த்தன. மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லில் கட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். சூளையில் களிமண் சிவக்கக் காரணம் இரும்பு ஆக்சைடு. ரத்தம் சிவக்கவும் இரும்புதான் காரணம், ஆனால் இங்கே அது ஹீமோகுளோபினுக்குள் உட்கார்ந்து ஆக்சிஜனைப் பிடித்து விடுகிறது.

ஒரு முழு மனிதரின் உடம்பில் எவ்வளவு இரும்பு இருக்கும்? 3 முதல் 4 கிராம்! அவ்வளவுதான். ஒரு முறை ரத்ததானம் செய்தால் அதில் 200 முதல் 250 மில்லிகிராம் வெளியே போகிறது. அடுத்த தானத்துக்கு இடைவெளி கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

9. ரசம் கொதிக்கும்வரை ஈயச் சொம்பு, வற்றினால் குழம்பு... தெரியுமா?

கோலாலம்பூரை 1857-ல் தொடங்கி வைத்ததே வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் அதே உலோகம்தான். வேதியியலில் அதன் அணு எண் 50, உருகுநிலை 232 டிகிரி. தண்ணீர் இருக்கும்வரை சொம்பு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. வற்றிவிட்டால் அடுப்பிலேயே உருகி வழியும்! வாங்கும்போது ஒரே ஒரு எச்சரிக்கை: அணு எண் 82 கொண்ட காரீயம் கலந்திருக்கக் கூடாது. அது மூளையையும் நரம்பையும் பிடிக்கும் நஞ்சு, குழந்தைகளுக்கு இன்னும் மோசம்.

10. தோட்டத்துப் பாலை அளக்க ஒரு மிதவை இருந்தது, தெரியுமா?

விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, மங்கு மங்காகச் சேர்த்து, வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் நம் பாட்டிகளும் தாத்தாக்களும். கொண்டுவந்த பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு? கண்ணால் சொல்ல முடியாது. அதற்கு மெட்ரோலாக் என்ற மிதவைக்கருவி. ரப்பர் தண்ணீரைவிட இலகு. ரப்பர் கூடினால் பாலின் அடர்த்தி குறையும், மிதவை ஆழமாக இறங்கும். கழுத்தில் குறித்த எண்ணைப் படித்தால் ரப்பரின் அளவு தெரியும். மரத்துப் பாலில் பொதுவாக 30 முதல் 40 சதவீதம். தண்ணீர் கலந்தால் மிதவை காட்டிக்கொடுத்துவிடும்!

அடர்த்தியைப் படிக்கும் இதே மிதவைத் தத்துவத்தில் ஆய்வகங்கள் சிறுநீரையும் நெடுங்காலம் சோதித்தன.

பால் உறையாமல் இருக்க அமோனியா, உறைய வைக்க ஃபார்மிக் அமிலம். ஒன்று காரம், ஒன்று அமிலம். ரப்பர்த் துகள்களின்மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அமிலம் அந்த மின்னூட்டத்தை நீக்கியதும் ஒட்டிக் கட்டியாகின்றன. ரப்பர் கையுறை ஏற்றுமதியில் இன்று உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு இது. அந்தத் தொழிலுக்கு வேர் இந்தப் பால்வாளி!

11. ஒரே ஒரு கார்பன் குறைந்தால் கண் போகும், தெரியுமா?

அதே ஃபார்மிக் அமிலத்தின் இன்னொரு முகம் இது. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சுற்றுவட்டாரத்திலும் கலப்பட மது குடித்தவர்கள் அடுத்தடுத்து ஆஸ்பத்திரியில் வந்து விழுந்தார்கள். 30-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். குற்றவாளி மெத்தனால்.

மதுவிலிருக்கும் எத்தனாலில் இரண்டு கார்பன், மெத்தனாலில் ஒன்று. நிறமும் ஒன்றே, வாடையும் ஏறத்தாழ ஒன்றே, குடித்தவுடன் மயக்கமும் ஒன்றே! ஆனால் கல்லீரல் நொதி மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாக, பிறகு ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது, ரத்தத்தின் பி.எச்.சை இழுத்துக் கீழே தள்ளுகிறது.

மாற்றுமருந்து என்ன தெரியுமா? எத்தனாலே! அல்லது ஃபோமிபிசோல் என்ற மருந்து. எத்தனால் இருந்தால் நொதி முதலில் அதைத்தான் பிடிக்கும், மெத்தனால் மாறாமல் காத்திருந்து மெல்ல வெளியேறும். இதை மருத்துவர்கள் ரத்தத்தை அளந்து அளந்துதான் கொடுப்பார்கள். வீட்டில் செய்து பார்க்கும் வைத்தியம் இல்லை!

12. புழுங்கல் அரிசியால் கோலாலம்பூர் உலக மருத்துவ வரலாற்றில் ஏறியது, தெரியுமா?

இந்தச் சுற்றின் பெரிய ஆச்சரியம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவை உலுக்கிய நோய் பெரிபெரி. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், இதயம் ஓய்ந்துவிடும். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை! ஏன்?

நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல். நோய் பச்சரிசியில்தான் இருக்கிறது என்றார், பழைய அரிசியில் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு என்றும் சொன்னார். பார்த்தது சரி, சொன்ன காரணம் தவறு!

1905 இறுதியில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை ஒரு வார்டு, இரட்டைப்படை ஒரு வார்டு. மற்ற உணவெல்லாம் ஒன்றே, அரிசி மட்டும் வேறு. ஓராண்டு கழிந்தது. பச்சரிசி உண்ட 120 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பெரிபெரி, 18 மரணம். புழுங்கல் உண்ட 123 பேரில் நோய் இருந்தது இரண்டே பேருக்கு, அவர்களும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். மரணம் ஒன்றுகூட இல்லை! 1907-ல் லண்டனின் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. சம்மதம் சொல்ல முடியாதவர்களின் தட்டில் நடந்த சோதனை அது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதற்குக் கையெழுத்துப் போடாது.

காரணம் பிறகு தெரிந்தது. தயாமின், அதாவது வைட்டமின் பி1, நெல்லின் தவிட்டில் இருக்கிறது. அது தண்ணீரில் கரையும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது கரைந்து மணிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் தவிடு போகும், தயாமின் தங்கும்! பச்சரிசியில் தவிட்டோடு அதுவும் ஆலையிலேயே போய்விடுகிறது. ஒரு நாளைக்குத் தேவை எவ்வளவு? 1.2 மில்லிகிராம் போதும். உடம்பின் மொத்தக் கையிருப்பே ஏறத்தாழ 30 மில்லிகிராம்தான். சில வாரத்தில் காலி! ஒரு குன்றிமணி எடையைவிடக் குறைவான பொருள் இல்லாமல் போனதற்கு இத்தனை மரணம்.

13. எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் அதை அளந்துவிட்டார்கள், தெரியுமா?

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் அடுத்த அடியை வைத்தார்கள். தயாமின் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி அளப்பது? அரிசியில் பாஸ்பரஸை அளந்தார்கள்! பாஸ்பரஸ் பெண்டாக்சைடு 0.4 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த அரிசி ஆபத்து என்று கோடு போட்டார்கள்.

பாஸ்பரஸ் பெரிபெரிக்கு மருந்தல்ல. ஆனால் அதுவும் தவிட்டில்தான் அதிகம், அதனால் எவ்வளவு தீட்டினார்கள் என்பதை அது சொல்லிவிடும். இதற்குக் குறியீட்டு அளவு என்று பெயர். இன்று ஆய்வக அறிக்கையில் வரும் பல எண்களும் இந்த வகைதான்: நோயைக் காட்டும் எண், ஆனால் நோய்க்குக் காரணம் அல்ல. சுகாதார மாணவர் நன்றாக மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டிய வேறுபாடு!

14. கிள்ளானில் 334 எப்படி 12 ஆனது, தெரியுமா?

1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம், இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. இரண்டே மாதத்தில் மலேரியாவால் துறைமுகத்தையே மூட உத்தரவு! கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடிக்கச் செய்தார், காட்டை வெட்டச் செய்தார். கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1901-ல் 334 பேர், 1905-ல் 12 பேர்!

"மழை குறைந்திருக்கும், தானாகவே தணிந்திருக்கும்" என்று யாராவது கேட்டால்? வாட்சனிடம் இன்னொரு எண் இருந்தது. வடிகால் வெட்டாத சுற்றுப் பகுதிகளில் அதே காலத்தில் 197 பேர் 353 ஆனார்கள். ஒப்பிட ஆள் இருந்ததால்தான் 12-க்கு அர்த்தம் வந்தது. ஃபிளெட்சரின் 123-க்கு 120 துணை நின்றதும் இதே விதத்தில்தான்.

பிறகு ஓடைகளில் எண்ணெய் தெளிக்கும் முறை வந்தது. கொசுப்புழு மூச்சுவிட நீர்ப்பரப்புக்கு வர வேண்டும். எண்ணெய்ப் படலம் அந்த வழியை அடைத்துவிடும். மேற்பரப்பு இழுவிசைப் பாடம், கொசு ஒழிப்பில்!

15. 500-ஐத் தாண்டியதும் அவசரநிலை, தெரியுமா?

2005 ஆகஸ்ட் 11. சுமத்ராக் காட்டுத் தீயின் புகை. போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்ட, அரசு அவசரநிலை அறிவித்தது. ஓர் எண், அதன்மேல் ஒரு கோடு, கடந்ததும் பள்ளியும் அலுவலகமும் மூடல்!

புகையில் நம்மை வாட்டுவது 2.5 மைக்ரானுக்குச் சிறிய துகள். ஒரு மீட்டரில் பத்து லட்சம் மைக்ரான். ரத்தச் சிவப்பணுவின் அகலமே 7 மைக்ரானுக்கு மேல். சிவப்பணுவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தூசு! மூக்கு முடியில் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும்.

16. மூச்சு வாங்காமல் இன்னும் சில... தெரியுமா?

ரத்த அழுத்தம் 120 என்பது 120 மில்லிமீட்டர் பாதரச உயரம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். தண்ணீரில் அளந்தால் 1.63 மீட்டர்! ஸ்டீபன் ஹேல்ஸ் 1733-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு குதிரையின் நாளத்தில் கண்ணாடிக்குழாயைச் செருகியபோது ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியது.

1742-ல் செல்சியஸ் போட்ட கோலில் தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100! பிறகுதான் தலைகீழாக்கினார்கள். இல்லாவிட்டால் காய்ச்சல் ஏற ஏற எண் இறங்கும்.

அளவுச் சாடியில் தண்ணீர் குழிவாக நிற்கும், குழியின் அடியைப் படிக்க வேண்டும். பாதரசம் குவிந்து நிற்கும், உச்சியைப் படிக்க வேண்டும். இரண்டிலும் கண் அந்த மட்டத்துக்கு இறங்க வேண்டும்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலில் ஒரு லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸ் 75 மில்லிமோல். குடல் சுவரில் இரண்டும் கைகோத்து உள்ளே போகும், கரைசலில் எண்ணிக்கையும் சம அளவு! எடையில் போட்டிருந்தால் இந்தச் சமம் கண்ணிலேயே படாது.

இன்சுலினின் 'யூனிட்' முதலில் முயலை வைத்து வகுக்கப்பட்டது: பட்டினி கிடந்த முயலின் சர்க்கரையை எவ்வளவு மருந்து எவ்வளவு இறக்கும் என்பதே அளவு. இன்று ஒரு யூனிட் என்பது 0.0347 மில்லிகிராம். வழக்கமான இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட்.

அரை மில்லிகிராமை 0.5 என்றுதான் எழுத வேண்டும். முன்னால் பூஜ்யம் இல்லாமல் .5 என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகிவிடும், பத்து மடங்கு மருந்து! ஐந்தை 5.0 என்று எழுதவே கூடாது, 50 ஆகிவிடும். முன்பூஜ்யம் உயிர் காக்கும், பின்பூஜ்யம் உயிர் எடுக்கும்.

17. கடைசியாக ஒரு கணக்கு. விடை தெரியுமா?

500 மில்லிலிட்டர் சலைன், 4 மணி நேரத்தில் ஏற வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?

42 என்றவர்களுக்குப் பாதி மதிப்பெண். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாய் என்று நீங்களாகவே எடுத்துக்கொண்டீர்கள்: 500 × 20 = 10,000 சொட்டு, 240 நிமிடம், ஏறத்தாழ 42. ஆனால் குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் நுண்சொட்டுக் குழாயில் ஒரு மில்லிலிட்டருக்கு 60 சொட்டு. அதே பாட்டில், அதே நேரம், நிமிடத்துக்கு 125!

"எந்தக் குழாய்?" என்று திருப்பிக் கேட்டவர்களுக்கு முழு மதிப்பெண். குழாயின் உறையிலேயே அந்த எண் அச்சாகியிருக்கும், படித்துவிட்டுச் சொட்டை எண்ணுங்கள்!